கியாஸ்க்கைத் தாண்டி ஜனங்கள் கவுண்டருக்கே போவது ஏன்?

உங்கள் கேள்வி சுருக்கமாக இது. மதுரையில் ஒரு சின்ன கண் மருத்துவமனை. ஓபி சீட்டு போடும் நெரிசலைக் குறைக்க டச் ஸ்கிரீன் கியாஸ்க் (வருகிறவரே திரையைத் தொட்டுச் சீட்டு எடுக்கும் மெஷின்) ஒன்று வாங்கி வாசல் பக்கம் வைத்திருக்கிறீர்கள். மூன்று மாதமாகியும் பத்துப் பேரில் எட்டுப் பேர் அதைத் தாண்டிப்போய்க் கவுண்டர் வரிசையில்தான் நிற்கிறார்கள். பேசும் பொம்மை, சின்னதாக ஒரு கேம், ஏஐ குரல், இதில் எதைச் சேர்த்தால் ஜனங்களை ஈர்க்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உசிலம்பட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, ஒரு கையில் மஞ்சப்பையும் மறு கையில் பழைய சீட்டுக் கத்தையுமாக நிற்கிற பெரியம்மாவுக்கு உங்கள் மெஷின் போரடிக்கவில்லை. அவருக்கு இருப்பது கூச்சம். பின்னால் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எதையாவது தப்பாக அமுக்கிவிட்டால்? மெஷின் கெட்டுப்போச்சு என்று யாராவது சத்தம் போட்டால்? ஆகவே நீங்கள் உண்மையில் கேட்க வேண்டியதை இப்படி வைத்துக்கொள்கிறேன்: முதல் தடவை கை நீட்டுகிறவருக்குக் கூச்சம் போக, ஒவ்வொரு அடியிலும் மெஷின் என்ன பதில் சொல்ல வேண்டும்? பொம்மைக்குக் கடைசியில் வருகிறேன்.

"நம்ம ஜனங்களுக்கு மெஷின் பழக்கமில்லைங்க" என்று யாராவது சொன்னால் ஓட்டு மிஷினை நினைத்துக்கொள்ளுங்கள். போனைத் தொட்டே பார்க்காத பாட்டிகூட அதில் தனியாக, திரைக்குப் பின்னால், யார் உதவியும் இல்லாமல் வேலையை முடித்துவிட்டு வருகிறார். எப்படி? பெயர், படம், சின்னம், நீல பட்டன் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கின்றன. எந்தச் சின்னத்துக்கு எந்த பட்டன் என்று தேட வேண்டியதில்லை. அமுக்கினால் அந்தச் சின்னத்துக்கு நேரே சிவப்பு விளக்கு எரிகிறது. பக்கத்துப் பெட்டியின் கண்ணாடி வழியே அச்சடித்த சீட்டு 7 விநாடி தெரிகிறது. நீளமாக ஒரு பீப் சத்தம் கேட்கிறது. கண்ணுக்கு ஒரு பதில், காதுக்கு ஒரு பதில், காகிதத்தில் ஒரு பதில். ஒரு அமுக்கு, ஒரு வேலை. பூக்கடையில் இருக்கும் யுபிஐ ஸ்பீக்கரும் இதே ஜாதிதான்: இரண்டு கையும் மல்லிகைச் சரத்தில் இருக்க, "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்பது காதில் விழுந்தால் போதும், திரையைப் பார்க்கவே வேண்டாம். இரண்டிலும் பொம்மை இல்லை.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு நாள் காலை 9 முதல் 11 வரை ஒருவரை நோட்டும் பேனாவுமாக ஓரமாக உட்கார வையுங்கள். திங்கட்கிழமையாக இருந்தால் நல்லது, முகூர்த்த நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து எண்ணிக்கை மட்டும் போதும்: கியாஸ்க்கைக் கடந்து போனவர் எத்தனை, திரும்பிப் பார்த்தவர் எத்தனை, அதன் முன் நின்றவர் எத்தனை, தொட்டவர் எத்தனை, கையில் சீட்டோடு போனவர் எத்தனை. எந்த இடத்தில் ஆள் உதிர்கிறாரோ அங்கேதான் வைத்தியம். பார்க்கவே இல்லை என்றால் இடம் தப்பு. பார்த்தார், நிற்கவில்லை என்றால் ஓய்வில் ஓடுகிற திரையில் கோளாறு. நின்றார், தொடவில்லை என்றால் முதல் திரையின் சொற்கள் தப்பு, அல்லது பின்னால் கூட்டம். தொட்டார், சீட்டு வரவில்லை என்றால் உள்ளே இருக்கும் படிகள் தப்பு. இதை எண்ணாமல் பொம்மை சேர்ப்பது, எங்கே வலிக்கிறது என்று கேட்காமல் மாத்திரை எழுதுவது போல. உங்களுக்கு அது சொல்லாமலே தெரியும்.

இடத்தை முதலில் பார்க்கலாம். வாசலை ஒட்டி, உள்ளே நுழைந்ததும் கைப்பக்கம் இருக்கும் மெஷினைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. செருப்பை எங்கே விடுவது, கூட வந்தவர் எங்கே என்பதில் கவனம் இருக்கும் நேரம் அது. பொது இடத்துத் திரைகளைப் பற்றிய கள ஆய்வுகளில் இரண்டு விஷயங்கள் பேர் வைத்துப் பேசப்படுகின்றன. ஒன்று, ஒருவர் பயன்படுத்துவதைப் பார்த்து அடுத்தவர் கூடுவது. 2003-லேயே இதற்குத் தேன்குடம் என்று பொருள்படும் பெயர் வைத்துவிட்டார்கள். இன்னொன்று, திரையைத் தாண்டிச் சில அடி போன பிறகுதான் 'அட, அது தொடுகிற மெஷின்' என்று உறைத்துத் திரும்பி வருவது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே தீர்வு: உள்ளே 4, 5 மீட்டர் தள்ளி, கவுண்டர் வரிசையில் நிற்கிறவர்கள் பக்கவாட்டில் பார்க்கும்படி வையுங்கள். வரிசையில் நிற்கும் பத்து நிமிடமும் மற்றவர் எப்படி எடுக்கிறார் என்று அவர்கள் பாடம் படிக்கிறார்கள். பின்னால் வரிசை நிற்காதபடி சுவருக்குக் கொஞ்சம் சாய்வாக வையுங்கள். முதுகுக்குப் பின்னால் ஆள் இருந்தால் கை நடுங்கும்.

வெயில் இன்னொரு சங்கதி. கிழக்கு வாசல் கட்டடத்தில் காலை கூட்ட நேரத்தில்தான் வெயில் நேராகத் திரையில் விழும். சாதாரண மானிட்டரின் வெளிச்சம் 250, 300 நிட்ஸ். அந்த வெயிலில் அது வெறும் கண்ணாடி, தன் முகம்தான் தெரியும். 700-க்கு மேல் இருக்கும் விலை கூடிய திரை வாங்குவதைவிட மெஷினைத் தொண்ணூறு பாகை திருப்புவது மலிவு. புரை உள்ள கண்ணுக்குக் கூச்சம் அதிகம் என்பதால் திரைக்கு நேர் மேலே டியூப்லைட்டும் வேண்டாம்.

உயரத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். தொடவேண்டிய எல்லா பட்டனும் தரையிலிருந்து 80 முதல் 120 செ.மீ.க்குள் வரவேண்டும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் கூன் விழுந்தவருக்கும் எட்டும். அதற்கு மேலே இருக்கும் பகுதியில் படம், லோகோ என்று எதையாவது போட்டுக்கொள்ளுங்கள். திரை கொஞ்சம் மல்லாந்து சாய்ந்திருக்கட்டும். அதைவிட முக்கியமானது, எந்த விற்பனையாளரும் சொல்லாதது: பைக்கு ஒரு கொக்கி, சீட்டுக் கத்தை வைக்க ஒரு சாண் அகலப் பலகை. இரண்டு கையும் நிறைந்திருப்பவர் எதைக் கொண்டு தொடுவார்? கொக்கி வைக்க நூறு ரூபாய்கூட ஆகாது.

தொடுதிரையின் வகையையும் பாருங்கள். போனில் இருப்பது போன்ற கெப்பாசிடிவ் திரை, விரல் தோலின் மின்தன்மையை வைத்து வேலை செய்கிறது. காப்புக் காய்ச்சிய, வறண்ட விரல்களை அது சில சமயம் உணராது. நகத்தால் குத்தினால் உணரவே உணராது. ஈரக் கையோ, சொட்டுத் தண்ணீரோ பட்டால் தானாக ஒரு தொடுதலைக் கற்பனை செய்துகொள்ளும். ஓரங்களில் இன்ஃப்ராரெட் சட்டம் பொருத்திய திரை, கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் மறைபடுவதை வைத்து வேலை செய்வதால், எதைக் கொண்டு தொட்டாலும் கேட்கும். அதனால் புடவைத் தலைப்பு பட்டாலும் கேட்கும், சட்ட ஓரத்தில் தூசி அடைந்தால் ஒரு பட்டியே செத்துப்போகும். மேலூர், நத்தம் பக்கத்து விவசாயிகளும் கட்டட வேலைக்காரர்களும் அதிகம் வரும் இடம் என்றால் என் ஓட்டு இன்ஃப்ராரெட்டுக்கு. தினம் காலை சட்டத்தைத் துடைக்க ஒருவரை நியமிக்க முடிந்தால் மட்டும்.

விரல் விஷயத்தில் இன்னும் மூன்று. போனுக்கான வழிகாட்டிகள் பட்டன் சுமார் 9 மி.மீ. இருக்கச் சொல்கின்றன. அது உட்கார்ந்து, போனைக் கையில் பிடித்துத் தொடுகிறவருக்கு. நின்றபடி கையை நீட்டித் தொடுகிறவருக்கு 20 மி.மீ.க்குக் குறையக்கூடாது, இரண்டு பட்டனுக்கு நடுவே 5 மி.மீ. இடைவெளி வேண்டும். முதல் திரையில் இருக்கும் பட்டன் உள்ளங்கை அளவு இருந்தாலும் தப்பில்லை. இரண்டாவது, நம் ஆட்கள் பட்டனைத் தொடுவதில்லை, அமுக்குகிறார்கள், அமுக்கிப் பிடிக்கிறார்கள். விண்டோஸில் ஓடும் கியாஸ்க்கில் அப்படி அமுக்கிப் பிடித்தால் மவுஸின் வலது பட்டனை அழுத்தியதாக எடுத்துக்கொண்டு தேவையில்லாத மெனு ஒன்று எட்டிப்பார்க்கும். அதை அணைக்கச் சொல்லுங்கள். அமுக்கும்போது விரல் ஒரு செ.மீ. வழுக்கினாலும் அது அமுக்கியதாகவே கணக்கில் வரட்டும். மூன்றாவது, ஒன்றும் நடக்கவில்லை என்று இரண்டாம் முறை அமுக்குவார்கள். அதற்குள் திரை மாறியிருக்கும். அடுத்த திரையில் அதே இடத்தில் இருக்கும் பட்டன் தானாக அமுங்கிவிடும். "நான் ஒண்ணுமே பண்ணலை, அதுவா போயிருச்சு" என்ற புகாரின் மூலம் பெரும்பாலும் இதுதான். திரை மாறியதும் அரை விநாடி எந்தத் தொடுதலையும் ஏற்காதே என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

எழுத்து அளவுக்கு உங்களிடமே நல்ல அளவுகோல் இருக்கிறது: பார்வை பரிசோதிக்கிற சார்ட். 6/60 எழுத்து (நல்ல கண்ணுக்கு 60 மீட்டரிலேயே தெரிவது), 6 மீட்டரில் படிக்க சுமார் 88 மி.மீ. உயரம். அரை மீட்டர் தூரத்துக்குச் சுருக்கினால் 7.3 மி.மீ. அதாவது 6/60 பார்வை உள்ளவர் கியாஸ்க் முன் நின்று, தட்டுத் தடுமாறி அடையாளம் காணக்கூடிய எழுத்தே 7 மி.மீ.க்கு மேல். சிரமமில்லாமல் படிக்க இரட்டிப்பு வேண்டும், 15 மி.மீ. அதிலும் சார்ட்டில் இருக்கும் ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்தில் சுழி அதிகம். புள்ளி ஒன்று தெரியாமல் போனால் சொல்லே மாறும். எனவே முக்கியச் சொற்கள் 15 மி.மீ.க்குக் கீழே வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் வெளிர்நீல எழுத்து அழகாக இருக்கும், புரை விழுந்த கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு அல்லது கரும்பச்சை. வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு வைப்பதைப் போல் வைத்தால் மேல் வரியின் 'ழு' கீழ் வரியின் புள்ளியில் முட்டும். எழுத்தின் ஒன்றரை மடங்காவது விடுங்கள். எழுத்துருவுக்கு ஹிந்த் மதுரை என்றே ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. ஊர்ப் பாசத்துக்காகச் சொல்லவில்லை, திரையில் தெளிவாகத்தான் இருக்கும்.

சொற்களுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள், பாதி வேலை அங்கேதான். நீங்கள் அனுப்பியிருக்கும் முதல் திரையில் 'பதிவைத் தொடர மொழியைத் தேர்ந்தெடு', அதன் கீழே 'சமர்ப்பி' என்று இருக்கிறது. தேர்ந்தெடு, உள்ளிடு, சமர்ப்பி என்பதெல்லாம் நீ என்று ஒருமையில் ஏவுவது. எழுபது வயதுக்காரரைப் பார்த்து உங்கள் வாட்ச்மேன் அப்படிப் பேசினால் சும்மா விடுவீர்களா? திரை பேசும் வாக்கியத்தில் 'அழுத்துங்கள்' அல்லது 'அழுத்தவும்' என்று மரியாதை இருக்கட்டும். பட்டனில் எழுதும்போது வந்தவர் மனதில் இருப்பதையே எழுதுங்கள். 'புது சீட்டு போட', 'பழைய சீட்டு இருக்கு', 'பணம் கட்ட' என்பது போல. இதில் யாரும் யாரையும் ஏவவில்லை, மரியாதைச் சிக்கலும் வராது. நோயாளி வாயில் ஓபி சீட்டு என்றுதான் வருகிறது என்றால் 'புறநோயாளி அனுமதிச் சீட்டு' என்று எழுதாதீர்கள். டோக்கன் டோக்கன்தான். ஒரு வழி: கவுண்டரில் இருப்பவரிடம் ஒரு நாள் முழுக்க, வருகிறவர் சொல்கிற முதல் வாக்கியத்தை மட்டும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டிலிருந்து உங்கள் பட்டன்கள் கிடைத்துவிடும்.

மொழி கேட்கும் திரையை எடுத்துவிடுங்கள். நேராகத் தமிழில் தொடங்கி, மூலையில் ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் சின்ன பட்டன் போதும். மொத்தம் மூன்று திரை. முதலாவது: 'முதல் தடவை வர்றேன்', 'முன்னாடி வந்திருக்கேன்' என்று இரண்டே பட்டன். இரண்டாவது: போன் நம்பர். 1, 2, 3 மேலே இருக்கும் போன் வரிசை, கால்குலேட்டர் வரிசை அல்ல. அடிக்க அடிக்க நம்பர் ஐந்து ஐந்தாகப் பிரிந்து பெரிதாகத் தெரியவேண்டும், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு 'டிக்'. 'ஒரு எண்ணை அழிக்க' என்ற பட்டன் பக்கத்திலேயே இருக்கட்டும். தப்பைத் திருத்த முடியும் என்பது கண்ணில் தெரிந்தாலே பாதிக் கூச்சம் போகும். 'நம்பர் தெரியாது' என்றும் ஒரு பட்டன் கட்டாயம். அதை அமுக்கினால் வெறும் டோக்கன் மட்டும் வந்து கவுண்டருக்கு அனுப்பட்டும். மூன்றாவது திரையில் சீட்டு. ஒரே போன் நம்பரில் வீட்டில் நாலு பேர் இருப்பார்கள் என்பதால் நடுவே 'யாருக்கு?' என்று பெயரும் வயதும் காட்ட நேரலாம். அதில் நோயின் பெயரோ முகவரியோ வரக்கூடாது.

ஓடிபி வேண்டாம். அந்த நம்பர் சிம் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம் இருக்கும். இங்கே அம்மா நிற்க, அங்கே அவன் தறி சத்தத்தில் போனை எடுக்கமாட்டான். பெயரை டைப் அடிக்கச் சொல்வதும் வேண்டாம். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டால் நம் பெயருக்கு எது கடைசி? இனிஷியல் எங்கே? அதைக் கவுண்டரில் உள்ளவர் பத்து விநாடியில் அடித்துவிடுவார். பிறந்த தேதிக்குப் பதில் வயது கேளுங்கள். பெரியவர்கள் பலருக்கு ஆதாரில் இருக்கும் தேதியே உத்தேசமானது.

பதில் வேகத்தைப் பற்றி உறுதியாகவே சொல்லலாம். 1968-ல் ராபர்ட் மில்லர் என்ற ஆய்வாளர் கணினி பதில் சொல்லும் நேரம் பற்றி எழுதியதிலிருந்து இன்றுவரை அதிகம் மாறாத கணக்கு இது: தொட்ட பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் ஏதாவது மாறினால், தன் கைதான் அதைச் செய்தது என்று மனம் ஏற்கும். ஒரு விநாடிவரை யோசனை அறுபடாது. பத்து விநாடி தாண்டினால் ஆள் கிளம்பிவிடுவார். உங்கள் மெஷின் நம்பரைச் சர்வரில் தேட 4 விநாடி எடுத்தால் பரவாயில்லை, ஆனால் விரல் பட்ட அந்தக் கணமே பட்டன் நிறம் மாறி, 'உங்க சீட்டைத் தேடுது, கொஞ்சம் இருங்க' என்று வரவேண்டும். சுற்றிச் சுற்றி ஓடும் வட்டம் மட்டும் போதாது. அது போனில் நெட் போய்விட்டதற்கான அடையாளம் என்று எல்லோருக்கும் பழகிவிட்டது. 30 விநாடி யாரும் தொடவில்லையென்றால் 'இன்னும் இருக்கீங்களா?' என்று ஒரு மணி அடித்துக் கேட்டுவிட்டு, மேலும் 15 விநாடி கழித்து முதல் திரைக்குத் திரும்பட்டும். முன்னவர் நம்பர் அப்படியே திரையில் கிடக்கக்கூடாது.

பிரின்டர்தான் கியாஸ்க்கின் உயிர், பழுதாவதும் அதுவே அதிகம். 80 மி.மீ. அகல தெர்மல் ரோல் 50 மீட்டர் என்றால், சீட்டு 10 செ.மீ. நீளத்தில் ஒரு ரோலுக்கு 500 சீட்டு. திங்கட்கிழமை 300 பேர் வருகிற இடத்தில் வெள்ளிக்கிழமை போட்ட பாதி ரோலை நம்பாதீர்கள். ரோலைப் புரட்டி மாட்டினால் சீட்டு வெள்ளையாக வரும். ரசாயனப் பூச்சு ஒரு பக்கம்தான். நகத்தால் ஒரு கீறு கீறுங்கள், கறுப்புக் கோடு விழுகிற பக்கம் அச்சுத் தலையைப் பார்க்கவேண்டும். இந்த பிரின்டர்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துரு உள்ளே கிடையாது. மென்பொருள் தமிழை எழுத்தாக அனுப்பினால் கேள்விக்குறியாகவோ கட்டங்களாகவோ வரும். படமாக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு எட்டுப் புள்ளிதான் அச்சாகும் என்பதால் 3 மி.மீ.க்குக் குறைந்த தமிழ் எழுத்தில் சுழிகள் அடைத்துக்கொள்ளும். சீட்டில் டோக்கன் எண் 15 மி.மீ., அதன் கீழ் '3-ம் ரூம், மாடிப்படி பக்கம்', அதன் கீழ் 'உங்களுக்கு முன்னால் 14 பேர்'. எத்தனை நிமிடம் என்று அச்சடிக்காதீர்கள். முன்னால் எத்தனை பேர் என்பது கணக்கு, எத்தனை நிமிடம் என்பது டாக்டரின் அன்றைய நிலவரம். 40 நிமிடம் என்று அச்சடித்து 70 ஆனால், அடுத்த தடவை அவர் மெஷினையே நம்பமாட்டார்.

உங்கள் மருத்துவமனைக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. கண்ணை விரிக்கச் சொட்டு மருந்து விட்டபின் அரைமணிக்குள் கிட்டத்தில் இருப்பது மங்கும், வெளிச்சம் கூசும். அது தெளியச் சில மணி நேரம் ஆகும். ஆகவே மருந்து விட்ட பிறகு வரும் எந்தப் படியையும், பில்லோ, மருந்துக் கடையோ, கருத்துக் கேட்கும் டேப்லெட்டோ, திரையில் வைக்காதீர்கள். அங்கே காதுதான் வழி. எண்ணைக் கூப்பிடும் குரலுக்கு முன் ஒரு மணி, அரை விநாடி இடைவெளி, பிறகு எண்ணைத் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை. நாற்பத்தேழு என்றால் புரியாமல் ஃபார்ட்டி செவன் என்றால் எழுந்து வருகிறவர்கள் இளவட்டத்தில் நிறையப் பேர், நேர்மாறானவர்கள் பெரியவர்களில். குரலை உங்கள் ஊழியர் ஒருவரை வைத்தே பதிவு செய்யுங்கள்.

முதல் இரண்டு வாரம் மெஷின் பக்கத்தில் ஒருவர் நிற்கவேண்டும். பின்னால் அல்ல, பக்கத்தில். அவருக்கு ஒரே விதி: கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். "அம்மா, அந்தப் பச்சையை அமுக்குங்க" என்று வாயால் சொல்லலாம், தானே அமுக்கக்கூடாது. அமுக்கிக் கொடுத்துவிட்டால் மெஷினைப் பழகுவது அவர்தான், வந்தவர் இல்லை. இரண்டு மாதம் கழித்தும் அதே ஆள் அங்கேயே நின்று சீட்டுக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். கவுண்டரை மூடி ஜனங்களை மெஷினுக்குத் துரத்துவதும் வேண்டாம். கட்டாயத்தில் தொட்டவர் அடுத்த முறை இன்னும் ஒதுங்குவார்.

இதுவரை சொன்னதில் அளவுகள், வேகம், பிரின்டர் எல்லாம் நிச்சயம். இனி வருவது அப்படியில்லை. ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் 85 சதவீதக் குறை தெரிந்துவிடும் என்று இத்துறையில் அடிக்கடி சொல்வார்கள். அந்தக் கணக்கு, ஒவ்வொரு குறையும் ஒருவர் கண்ணில் பட 31 சதவீத வாய்ப்பு உண்டு என்ற ஊகத்தின்மேல் நிற்கிறது. உங்கள் இடத்தில் கல்லூரிப் பையனும் புரை விழுந்த தாத்தாவும் ஒரே ரகம் இல்லை. அதனால் ஐந்து பேர் போதும் என்பதை ஒரு ரகத்துக்கு ஐந்து என்று எடுத்துக்கொள்ளுங்கள்: ஐந்து பெரியவர், துணைக்கு வந்த ஐந்து பேர், படிக்கத் தெரியாத ஐந்து பேர். மென்பொருளைத் தொடும் முன் மூன்று சார்ட் பேப்பரில் மூன்று திரையையும் நிஜ அளவில் வரைந்து சுவரில் ஒட்டிக் கேட்டாலே போதும்; "சீட்டு வேணும்னா எதை அமுக்குவீங்க?" என்று. அவர் விரல் எங்கே போகிறது என்று பாருங்கள், வாய் சொல்வதைவிட அது நம்பகம்.

பொம்மையும் கேமும் முதல் வாரம் கூட்டம் சேர்க்கும், குழந்தைகளை. அவர்கள் அமுக்கி விளையாடும்போது சீட்டு போட வந்தவர் ஒதுங்கி நிற்பார். ஓய்வுத் திரையில் அசைவு ஒன்று வேண்டும்தான், ஆனால் விளம்பரம் மாதிரி ஓடினால் டிவி என்று நினைத்துவிடுவார்கள். ஒரு கை வந்து பட்டனை அமுக்க, கீழே சீட்டு வெளிவருகிற ஆறு விநாடிப் படம், அதுமட்டும் திரும்பத் திரும்ப. ஏஐ குரலை இப்போதைக்குத் தள்ளிப்போடச் சொல்வேன். கூடத்து இரைச்சலில், "தொண்ணூத்தெட்டு, நாப்பது, டபுள் ஃபைவ்" என்று பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாகச் சொல்லப்படும் போன் நம்பரைப் பிழையில்லாமல் பிடிப்பது இன்னும் சிரமமான வேலை. ஒரு எண் தப்பினால் மொத்தமும் தப்பு. நாலு பேர் நடுவில் மெஷினிடம் சத்தமாகப் பேசச் சொல்வது, நாம் போக்கப் பார்க்கிற அதே கூச்சத்தைத் திரும்பக் கொண்டுவரும். சுகாதாரப் பரிசோதனைப் பேக்கேஜுக்கு முன்கூட்டியே டிக் போட்டு வைப்பது, 'வேண்டாம்' பட்டனைச் சின்னதாக ஒளிப்பது போன்ற யோசனையை யாராவது கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு விதிகள் இப்படி 13 வகை ஏமாற்று வடிவமைப்பைப் பட்டியலிட்டுத் தடுக்கின்றன. போன் நம்பர்களை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்பதை அதே ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வைத்து உங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது என் வட்டத்துக்கு வெளியே.

பராமரிப்பில் இரண்டு சின்ன விஷயம். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள், வைக்கட்டும். மேல் தகட்டில் வைக்கச் சொல்லுங்கள். திரைச் சட்டத்தில் வைத்தால் சென்சார் அடைத்துக்கொண்டு மறுநாள் ஒரு பக்கம் முழுக்க வேலை செய்யாது. இன்னொன்று, என்றைக்கோ பிரின்டர் நின்றபோது ஒட்டிய 'வேலை செய்யவில்லை' காகிதம். நீங்கள் அனுப்பிய படத்தில் அது இன்னும் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறது. நாளைக் காலை முதலில் அதைக் கிழித்துவிட்டு, அப்புறம் நோட்டோடு ஆளை உட்கார வையுங்கள்.